மரத்தின் மேல் இருப்பவன் பாட வேண்டும்

யோதெபா செய்த தப்பை, மார்ஷல் தீவுகளின் மஜுரோவில் கூடியிருந்த அத்தனை தீவுக்காரர்களில் வேறு எவனும் செய்திருக்க மாட்டான். மைக்ரோனீசியத் தீவுகளின் விளையாட்டுப் போட்டியில் திங்கட்கிழமை காலை தென்னை ஏறும் முதல் சுற்று நடந்தது. உச்சியில் கட்டியிருந்த சிவப்புத் துணியை மற்ற ஐந்து பேருக்கும் முன்னால் தொட்டுவிட்டான். தொட்ட கையோடு சறுக்கிக்கொண்டு இறங்க வேண்டியதுதான் பாக்கி. அவனோ ஒரு மட்டையைப் பிடித்து வசதியாக உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு பாட ஆரம்பித்துவிட்டான்.

ஒரு வரி முடிவதற்குள் கீழே அவன் குழுவின் தெரேதியா டீச்சர் போட்ட சத்தத்தில் சுயநினைவு வந்து, விழுந்தடித்து இறங்கினான். பலாவ் நாட்டுக்காரனும் போன்பே தீவுக்காரனும் அதற்குள் தரையில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். கூட்டம் சிரித்துக் கைதட்டியது. சாப்பாட்டுப் பந்தலைப் பார்த்துக்கொண்ட மார்ஷல் தீவுப் பெண்கள் மீதிப் பாட்டு எங்கே என்று கேட்டார்கள். மூன்று பிரிவாக நடந்த அந்தச் சுற்றில் எல்லார் நேரத்தையும் சேர்த்துப் பார்த்ததில் ஆறாவது ஆளாக, மயிரிழையில், புதன்கிழமை நடக்கவிருந்த இறுதிச் சுற்றுக்குள் நுழைந்தான்.

அவனைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. கிரிபாஸ் நாட்டின் வடக்குத் தாராவாவில் அவன் ஊரில் பாளை சீவ மரம் ஏறுகிறவன் உச்சிக்குப் போனதும் குரல் கொடுக்க வேண்டும். மேலே ஆள் இருக்கிறது என்று கீழே கிணற்றடியில் குளிக்கிற பெண்களுக்குத் தெரிய வேண்டாமா? பேசாமல் மரத்தில் உட்கார்ந்திருப்பவன் எட்டிப் பார்க்கிறவனாக இருப்பான், இல்லாவிட்டால் அடுத்தவன் பதநீரைத் திருடுகிறவனாக இருப்பான். அதனால் ஒவ்வொருவனுக்கும் ஒரு பாட்டு உண்டு. அவனே கட்டியது, இல்லை அவன் அப்பன் விட்டுப்போனது. எந்தத் தோப்பிலிருந்து எந்தப் பாட்டு வருகிறது என்பதை வைத்தே மேலே இருப்பது யார், மரம் யாருடையது என்று ஊர் கண்டுகொள்ளும். பதினாறு வயதிலிருந்து காலையும் மாலையும் அப்படிப் பாடிப் பழகிய வாய், சிவப்புத் துணியைக் கண்டதும் மூடிக்கொள்ளுமா?

இந்த நியாயமெல்லாம் டீச்சரிடம் எடுபடவில்லை. தாராவாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டுச் சொல்லிக்கொடுப்பவர் அவர். கிரிபாஸிலிருந்து வந்த சின்னக் குழுவுக்கு மேனேஜர், பயிற்சியாளர், மருந்து போடுகிறவர் எல்லாமே அவர்தான். நல்ல மனுஷி, திட்டும்போது மட்டும் அது தெரியாது. தென்னை ஏற இருந்த பையன் கணுக்காலை முறித்துக்கொண்டதும், படகு பிடித்து வடக்கே வந்து, முப்பத்தாறு வயசுக்காரன் யோதெபாவைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு வந்ததும் அவர்தான். குழுவுக்கு அதுவரை கிடைத்தது பளு தூக்கியதில் ஒரே ஒரு வெண்கலம். தங்கம் என்று ஒன்று வந்தால் அது தென்னையிலிருந்துதான் வரும் என்று நாட்டுக்கே தெரியும்.

"மேல என்ன கச்சேரியா வச்சிருந்தாங்க?" என்றார் டீச்சர்.

"வாய் தானாத் தொறந்துருச்சு டீச்சர்."

"தானாத் தொறக்குற வாய்க்கு நான் மூடி போடுறேன், இரு."

போட்டே விட்டார். கீழே கிடந்த தேங்காய் மட்டையில் ஒரு துண்டை உரித்து, சீவி, கடித்துக்கொள்ளும் அளவுக்கு நறுக்கினார். புதன்கிழமை இதைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும், கீழே வந்து மரத்தடியில் விரித்த பாயைத் தொடுகிற வரை துப்பக் கூடாது என்று உத்தரவு. குழுவில் இருந்தவர்கள் அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். யோதெபாவும் கூடச் சேர்ந்து சிரித்தான். சாயங்காலம் டீச்சர் போனிலிருந்து வீட்டுக்குப் பேசிய பிறகுதான் அவன் முகம் விழுந்தது.

சனிக்கிழமை மாலை ஆராம் கட்டைவிரலை ஆழமாக வெட்டிக்கொண்டானாம். ஆராம் அவன் மனைவி மரேவெயின் தம்பி. யோதெபா திரும்பி வருகிற வரை எட்டு மரத்திலும் பாளை சீவுவதாக ஒப்புக்கொண்டவன். ஏழு தையல். கத்தியைப் பிடிக்கவே முடியாது. ஞாயிற்றுக்கிழமை யாரும் ஏறவில்லை. திங்கட்கிழமையும் ஏறவில்லை.

பாளை சீவாமல் விட்டால் என்ன ஆகும் என்று யோதெபாவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வெட்டிய வாய் காய்ந்து மூடிக்கொள்ளும். இரண்டு நாள் தாங்கும், மூன்றாம் நாள் சந்தேகம், நான்காம் நாள் அந்தப் பாளை செத்தது. புதுப் பாளை வந்து, கட்டி, வளைத்து, சொட்ட வைக்க வாரக்கணக்காகும். பெரியவர்கள் என்றால் மீனைத் தின்று தண்ணீரைக் குடித்துக்கொள்ளலாம். அவன் மகள் தாபிதாவுக்குப் பத்து மாதம். காய்ச்சல் வந்ததிலிருந்து மரேவெக்குப் பால் வற்றிவிட்டது. குழந்தை வளர்வது அந்த எட்டு மரத்துப் பதநீரில்தான். பால்பவுடர் கொண்டுவரும் கப்பல் இன்னும் வரவில்லை. வீட்டில் காய்ச்சி வைத்த பாகு ஒரு சீசாவின் அடியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை வெந்நீரில் கரைத்துக் கொடுத்து இரண்டு நாளைத் தள்ளியிருக்கிறாள்.

குழந்தை அழுவது போனிலேயே கேட்டது. யாரையாவது ஏறச் சொல்லக் கூடாதா என்று கேட்டான். யாரைச் சொல்வது என்று அவள் திருப்பிக் கேட்டாள். அவன் பக்கம் ஆணில்லை, அவள் பக்கம் ஆராமை விட்டால் ஆளில்லை. ஊரில் ஒவ்வொருவனுக்கும் இரண்டு வேளையும் சொந்த மரம் காத்திருக்கிறது. அதுவும் அடுத்தவன் மரத்தில் கால் வைப்பது அங்கே லேசான காரியமில்லை. போதகரிடம் சொல்லியிருக்கிறேன், பார்ப்போம் என்றாள்.

பக்கத்துத் தோப்பில் கபுதா இருந்தான். அவன் பெயரை இரண்டு பேருமே எடுக்கவில்லை.

கபுதாவுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். சபையில் மூப்பர். சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் நிலக் கோர்ட்டு வந்து எல்லையை அளந்தபோது, அவன் பிள்ளைப் பிராயத்திலிருந்து பாளை சீவிக்கொண்டிருந்த ஒரு தென்னை, கோட்டுக்கு இந்தப் பக்கம், யோதெபாவின் நிலத்தில் விழுந்தது. கபுதா அன்று யோதெபாவின் செத்துப்போன அப்பாவை இழுத்து ஒரு வார்த்தை சொன்னான். யோதெபா பதிலுக்கு இரண்டு சொன்னான். அதோடு பேச்சு நின்றது. ஊர் மண்டபத்தில் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்காருவார்கள். ஒருத்தன் வலையை உலர்த்தினால் இன்னொருத்தன் வேறு வழியாகப் போவான். மரத்தின் மேல் மட்டும் தப்பிக்க முடியாது. இருவரும் ஒரே நேரத்தில் ஏறுகிறவர்கள், தோப்பு ஒட்டினாற்போல் இருக்கிறது, இவன் பாட்டு அவன் காதிலும் அவன் பாட்டு இவன் காதிலும் இரண்டு வேளையும் விழுந்துகொண்டுதான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை முழுவதும் யோதெபா நடைப்பிணமாகத் திரிந்தான். தன்னை ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்று டீச்சரிடம் கேட்டான். டீச்சர் திட்டவில்லை. விமானக் கம்பெனியில் போய் விசாரித்துவிட்டு வந்து, வியாழக்கிழமைக்கு முன்னால் விமானமே இல்லை என்று சொல்லி, அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பந்தல் பெண்களில் ஒருத்தி விஷயம் கேள்விப்பட்டு, தன் வீட்டிலிருந்த பால்பவுடர் டப்பா இரண்டைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள். அவள் பெயர்கூட அவனுக்குத் தெரியாது. வியாழக்கிழமைதான் போய்ச் சேரும் என்று தெரிந்தும் அதை அவன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அவளுக்கு நன்றி சொல்ல வாயெடுத்தவனுக்கு அழுகைதான் வந்தது.

மாலையில் மறுபடி போன் போட்டான். டீச்சர்தான் எண்களை அழுத்திக் கொடுத்தார். அந்தப் பக்கம் மரேவெ எடுத்தாள். குழந்தை அழும் சத்தம் இல்லை. அது இல்லாததுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது.

"பாப்பா எங்க?"

"தூங்குறா. வயிறு முட்டக் குடிச்சிருக்கா."

"எதை?"

"பதநீரைத்தான். மூணு பாளை போயிருச்சு. அஞ்சு பொழச்சுக்கிச்சு. ஆழமாச் சீவி, ஈரத் துணி சுத்தி வச்சிருக்கு."

"யாரு ஏறினா?"

"நீ கோவப்படக் கூடாது" என்றாள். பிறகு, "கபுதா" என்றாள்.

விடியற்காலையில் யாரோ முற்றத்துக்கு வந்து, கொடியில் மாட்டியிருந்த, பாளையில் கட்டுகிற சீசாக்களை எடுக்கிற சத்தம் கேட்டிருக்கிறது. எழுந்து பார்த்தால் கபுதா. திருட வந்துவிட்டான், ஆள் ஊரில் இல்லாத நேரம் பார்த்து எல்லை மரத்தைப் பிடிக்கப் பார்க்கிறான் என்று நினைத்து, ஈரப்பலா பறிக்கிற கம்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போயிருக்கிறாள். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் முதல் மரத்தில் ஏறினான். இறங்கட்டும், மண்டையைப் பிளக்கிறேன் என்று அவள் அடிமரத்தில் நின்றாளாம்.

"அப்பத்தான் மேலேருந்து பாட்டு வந்துச்சு. உன் பாட்டு."

"என் பாட்டா?"

"'கீழே போற பொண்ணே, மேலே பாக்காதே, கழுத்து சுளுக்கினா நானா எண்ணெ தேய்க்கிறது'ன்னு. சபையில ஜெபம் பண்ணுற அதே தொண்டையில. ஒரு எழுத்து மாத்தல. எட்டு மரத்துலயும் ஏறி, எட்டுலயும் அதையே பாடினான்." மரேவெ சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு பாதியிலேயே உடைந்து அழுகையாகிவிட்டது. "என் கையிலே கம்பு இருந்துச்சு. அதை எங்கே வைக்கறதுன்னு தெரியாம நின்னேன்."

நன்றி சொன்னாளாம். நான் என்ன செய்தேன் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டானாம். சாயங்காலம் மறுபடி வந்தானாம்.

போனை வைத்த பிறகு யோதெபா மைதானத்துச் சுவரில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். கபுதா பாடாமல் ஏறியிருந்தால் திருடன். தன் சொந்தப் பாட்டைப் பாடியிருந்தால், மரத்தைப் பிடித்துக்கொண்டான் என்று ஊர் சொல்லியிருக்கும். மரத்துக்காரன் பாட்டைப் பாடியதால், இது யோதெபாவின் மரம், யோதெபாவின் குழந்தைக்காக ஏறுகிறேன் என்று ஊருக்கே சொன்ன மாதிரி ஆயிற்று. எல்லைத் தென்னையின் உச்சியிலும் உட்கார்ந்து அதையே சொல்லியிருக்கிறான். அப்படிச் சொல்ல அந்த மனுஷன் எவ்வளவு இறங்கி வந்திருக்க வேண்டும் என்று நினைத்தபோது யோதெபாவுக்கு நெஞ்சு கொள்ளவில்லை. வாழ்க்கையில் யாருக்கும் இவ்வளவு நன்றிக்கடன் பட்டதில்லை என்று அவனுக்குத் தோன்றியது. அதை எப்படிச் சொல்வது என்பதுதான் விளங்கவில்லை. நேரில் போய்ச் சொன்னால், நான் என்ன செய்தேன் என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விடுவான்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு இறுதிச் சுற்று. தாராவாவிலிருந்து குழுவோடு வந்திருந்த ரேடியோக்காரர், திங்கட்கிழமைப் பாட்டை நாடே ரசித்தது என்று சொல்லி, மைக்கை நீளக் கம்பில் கட்டிக்கொண்டு யோதெபாவின் மரத்தடியிலேயே வந்து நின்றார். ஊர் மண்டபங்களில் எல்லாம் ரேடியோவைச் சுற்றிக் கூட்டம் என்றார். யோதெபா அவரையும் மைக்கையும் மாறி மாறிப் பார்த்தான். டீச்சர் மட்டைத் துண்டை அவன் வாயில் செருகி, கன்னத்தில் தட்டி, "கடிச்சுக்கோ. கீழ வந்து வேணும்னா நாள் பூராப் பாடு" என்றார்.

விசில் ஊதியதும் ஏறினான். அவன் ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு மற்ற ஐந்து மரங்களைப் பார்க்கத் தோன்றவில்லை. உள்ளங்காலும் கையும் மரத்தில் பட்டதா படவில்லையா என்று தெரியாத வேகம். இரண்டு ஆள் உயரம் முன்னால் போய்ச் சிவப்புத் துணியைத் தொட்டான். கீழே கிரிபாஸ்காரர்கள் அப்போதே கட்டிப்பிடித்துக்கொள்ளத் தொடங்கிவிட்டார்கள்.

யோதெபா மட்டைத் துண்டைத் துப்பினான்.

இந்த முறை வாய் தானாகத் திறக்கவில்லை. ஒரு மட்டையைப் பிடித்துக்கொண்டு, மைக் இருக்கும் பக்கமாகக் குனிந்து, நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டு பாடினான். அவனுடைய கேலிப் பாட்டு இல்லை. கபுதாவின் பாட்டு. தெற்கே மீனுக்குப் போன படகு, திரும்பும்போது என் மரத்தின் தலையைப் பார்த்துத் திரும்பட்டும், இருட்டினாலும் நான் இங்கேயேதான் இருப்பேன் என்று சொல்லுகிற, கனமான, மெதுவான பாட்டு. அவசரப்படுத்திப் பாட முடியாது. அவன் அவசரப்படுத்தவும் இல்லை. பாட்டு இரண்டே அடிதான், இரண்டையும் முழுக்கப் பாடினான். கீழே டீச்சர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. பக்கத்து மரத்தில் பலாவ் நாட்டுக்காரன் துணியைத் தொட்டுவிட்டு இறங்குவதும் தெரிந்தது. பாடி முடித்த பிறகுதான் பிடியைத் தளர்த்திச் சறுக்கினான்.

நான்காவதாகத் தரையைத் தொட்டான். நான்காவது இடத்துக்கு மஜுரோவில் மெடல் கிடையாது, எங்கேயும் கிடையாது.

கிரிபாஸ் குழுவில் யாரும் அவனிடம் பேசவில்லை. பேசாமல் இருக்க அவர்களுக்கு முழு உரிமையும் உண்டு, யோதெபாவும் அதை ஒப்புக்கொண்டான். ஒரு தனிமனிதன் கடனை நாட்டின் தங்கத்தால் தீர்த்தது சரியா என்று கேட்டால் நானும் பதில் சொல்ல மாட்டேன். டீச்சர் ஒரு மணி நேரம் கழித்து வந்து எதிரில் நின்றார்.

"திங்கட்கிழமை வாய் தானாத் தொறந்துச்சுன்னே. இன்னிக்கு நீயாத் தொறந்தே. நான் பார்த்தேன்."

"ஆமா டீச்சர்."

"அது உன் பாட்டும் இல்லையே. யாருது?"

எல்லாவற்றையும் சொன்னான். தங்கத்தைத் தொலைத்ததற்கு மன்னிப்பும் கேட்டான். டீச்சர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். மன்னிக்கவில்லை என்றும், தாராவா போய்ச் சேருகிற வரை மன்னிக்கப் போவதில்லை என்றும் சொன்னார். அப்படிச் சொல்லிக்கொண்டே பையிலிருந்து போனை எடுத்து, அவன் வீட்டு எண்ணை அழுத்தி, மணி அடிக்கத் தொடங்கியதும் அவன் கையில் கொடுத்துவிட்டு, காதில் விழாத தூரத்துக்குத் தள்ளிப் போய் நின்றுகொண்டார். கண்ணைத் துடைக்கவா வியர்வையைத் துடைக்கவா என்று தெரியவில்லை, அவர் துண்டை எடுத்தார். மரேவெ எடுக்கவில்லை. மாலையில் மறுபடி கொடுத்தார். அப்போது எடுத்தாள்.

"நாலாவதாமே?" என்றாள் முதல் வார்த்தையாக.

"ரேடியோவில கேட்டியா?"

"ஊரே கேட்டுச்சு. மண்டபத்தில உட்கார எடமில்ல. நீ பாட ஆரம்பிச்சதும் எல்லாரும் கபுதாவைத் திரும்பிப் பார்த்தாங்க. அவன் எழுந்திரிச்சு வெளியே போயிட்டான்."

"கோவமா?"

"அப்படித்தான் நாங்களும் நெனச்சோம். நான் பின்னாலேயே போனேன். மட்ட மத்தியானத்தில எவனாவது பாளை சீவ ஏறுவானா? ஏறினான். நம்ம எல்லைத் தென்னையில. உச்சியில போய் உட்கார்ந்துக்கிட்டு, சத்தமே இல்ல. பாட்டும் இல்ல. அண்ணாந்து பார்த்தேன். முகத்தைக் கையால மூடிக்கிட்டு அழுதுக்கிட்டிருந்தான்."

லைன் அறுந்துவிட்டதோ என்று அவள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். இருக்கிறேன் என்றான்.

"இப்ப சாயங்காலமும் வந்து சீவிட்டுத்தான் போனான். பாப்பா குடிச்சுட்டா. ஆனா ஒண்ணு நடந்துச்சு. சொல்லவா வேணாமான்னு யோசிச்சேன்."

"சொல்லு."

"பொழச்ச அஞ்சுல நாலு மரத்தில உன் பாட்டைத்தான் பாடினான். எல்லைத் தென்னையில மட்டும் அவன் பாட்டைப் பாடிட்டான். வேணும்னு பாடின மாதிரி இல்ல. தன்னை மறந்து பாடிட்டான். பாதியில தெரிஞ்சு நிறுத்திட்டு, கீழே நின்ன என்னைப் பார்த்தான். நாளைக்குக் காலைல வருவான். என்ன சொல்லட்டும்?"

மைதானத்தில் பரிசளிப்புக்காக நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். யோதெபா போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டான்.

"மீதியையும் பாடச் சொல்லு" என்றான்.